வீட்டுப் பத்திரமும் பெயர்ப் பட்டியலும்

அயல்நாட்டான் ஒருவன் பணப்பெட்டியோடு வந்து, 'உங்கள் ஊரில் எனக்கு ஒரு வீடு வேண்டும்' என்று கேட்டால், அவனைத் தடுக்கும் உரிமை அந்நாட்டு அரசுக்கு உண்டா?

இல்லை என்பர் ஒரு சாரார். விற்பவன் விற்கிறான், வாங்குபவன் வாங்குகிறான், இடையிலே அரசுக்கு என்ன அலுவல் என்பது அவர்கள் வாதம். உண்டு என்று முழங்குவர் மறு சாரார். அவன் வந்ததனால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வீடில்லாமற் போயிற்று என்பது அவர்கள் குமுறல். நாம் இரண்டாமவர் பக்கத்தில் நிற்பவர்கள். வீடு என்பது மனிதன் குடியிருப்பதற்காகக் கட்டப்படுவது. பணம் உறங்குவதற்காகக் கட்டப்படுவது அன்று. ஆனால் நம் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லுகிற காரணம் எல்லாம் நல்ல காரணமாகிவிடுமா? அங்கேதான் நமக்கு ஐயம் எழுகிறது. சரியான சட்டத்தைத் தவறான காரணம் சொல்லி நிறைவேற்றுகிற கட்சி, பிறகு அந்தத் தவறான காரணத்துக்கே அடிமையாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

கனடா 2023 ஜனவரியில் அயலார் வீடு வாங்கத் தடை விதித்தது. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரலில், முன்பே கட்டிய வீடுகளை அயலார் வாங்கலாகாது என்று இரண்டாண்டுக் காலத் தடை போட்டது. ஐந்து இலட்சம் யூரோ கொடுத்து வீடு வாங்கினால் குடியிருப்பு உரிமை தருகிறோம் என்று கடை விரித்திருந்த ஸ்பெயின், அதே 2025 ஏப்ரலில் கடையைக் கட்டியது. இவர்களுக்கெல்லாம் முன்னரே, 2018இல், சட்டத்தால் கதவை அடைத்த நாடு நியூசிலாந்து. ஐம்பது இலட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை உள்ள நாடு அது. சிறிய நாடாகையால், இந்தச் சிக்கலின் முழு உருவத்தையும் அங்கே ஒரே பார்வையில் காணலாம்.

அந்நாடு நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஏறத்தாழ 1836ஆம் ஆண்டில், வில்லியம் கொலென்சோ என்னும் சமயப் பணியாளர், அத்தீவின் வடபகுதியில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாண்டம் ஒன்றைக் கண்டார். பாண்டமன்று அது, உடைந்துபோன கப்பல் மணி. அதன்மேல் தமிழ் எழுத்து! முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருந்தது. அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இன்றுவரை எவரும் துணிந்து சொல்லவில்லை. வெலிங்டன் நகரத்து அருங்காட்சியகத்திலே இருக்கிறது அந்த மணி. தமிழன் மணி மட்டும் போய்ச் சேர்ந்த அந்த நாட்டில் இன்று தமிழ்ச் செவிலியரும் பொறியாளரும் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவர்களுள் பலர் நாம் பேசப்போகும் சட்டத்தின் வாயிலில் காத்து நின்றவர்கள்.

அயல்நாட்டிலிருந்தபடியே அந்நாட்டில் மனை வாங்கியவர்கள் யார்? சீனரா? இல்லை. 1839இல், லண்டன் மாநகரில், நியூசிலாந்துக் கம்பெனி என்று ஒரு வாணிகக் கூட்டம் சீட்டு விற்றது. ஒரு சீட்டுக்கு, அமையப்போகும் நகரத்தில் ஒரு ஏக்கர், நாட்டுப்புறத்தில் நூறு ஏக்கர். ஏக்கருக்கு ஒரு பவுன் விலை. ஜூலைத் திங்களில் குலுக்கல் நடத்தி, யாருக்கு எந்த மனை என்று வரிசை எண்ணும் கொடுத்தாயிற்று. மனையை அளந்தார்களா? இல்லை. நிலத்தை வாங்கினார்களா? அதுவும் இல்லை! நிலம் வாங்கப் புறப்பட்ட 'டோரி' என்னும் கப்பல் நியூசிலாந்துக் கரையைக் கண்டதே ஆகஸ்டில்தான். துப்பாக்கிகளும் சிவப்புக் கம்பளிகளும் புகையிலையும் இரவுத் தொப்பிகளும் குடைகளும் மாவோரித் தலைவர்களுக்குக் கைமாறின. அதுவே கிரயம் என்று எழுதிக்கொண்டனர். லண்டனில் சீட்டு வாங்கிய சீமான்களுள் பலர் கப்பலேறவேயில்லை. விலை ஏறட்டும், விற்றுக்கொள்வோம் என்று வீட்டிலேயே அமர்ந்திருந்தனர்.

1840 பிப்ரவரி 6ஆம் நாள் வைடாங்கி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மாவோரிகள் நிலத்தை விற்பதானால் ஆங்கில முடியரசுக்கே விற்கவேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. பாதுகாப்பு என்று சொல்லி எழுதிய அக்கூற்று, வாங்குபவன் ஒருவனே என்றால் விலையும் அவன் சொல்வதே என்று முடிந்தது. அடுத்த நூறாண்டில் மாவோரிகள் கையில் மிஞ்சியது சிறு பங்கே. ஆகவே, 'நம் மண்ணை அயலான் வாங்கிவிட்டான்' என்று ஆக்லாந்து நகரத்து வெள்ளையர் ஒருவர் வருந்தும்போது, அருகே நிற்கும் மாவோரி கிழவர் ஒருவர் புன்முறுவல் பூத்தால் அதற்குக் காரணம் உண்டு. இதைச் சொல்வது, அந்த வருத்தம் பொய் என்பதற்காக அன்று. 'அயலான்' என்ற சொல் அந்நாட்டில் யார் வாயிலிருந்து வந்தாலும் அதற்குப் பழைய கணக்கொன்று பின்னே நிற்கிறது என்பதற்காகவே.

வீட்டுச் சிக்கலை அந்நாடு நேர்மையாக எதிர்கொண்ட காலமும் உண்டு. 1935இல் ஆட்சி ஏறிய தொழிற்கட்சி, அரசின் செலவிலே வீடுகள் கட்டத் தொடங்கிற்று. 1937இல் வெலிங்டன் நகரத்து மிராமர்ப் பகுதியில் முதல் வீடு முடிந்து குடும்பம் குடிபுகுந்த நாளில், பிரதமர் மைக்கேல் ஜோசஃப் சாவேஜ், கூடி நின்ற கூட்டத்தின் நடுவே சாப்பாட்டு மேசையைத் தம் கையாலே சுமந்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். அந்தப் படத்தை இன்றும் அக்கட்சித் தோழர்கள் பெருமையோடு காட்டுவர், காட்டத் தக்கதுதான். அந்த வீடுகளின் வாசலில் மாவோரிகளை நெடுநாள் நிறுத்தி வைத்தனர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வரலாறு முழுமை பெறும்.

பின்பு காற்று மாறியது. 1991இல் தேசியக் கட்சி அரசு, அரசு வீடுகளுக்கும் சந்தை வாடகையே என்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. அவ்வாண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 74 குடும்பங்கள் சொந்த வீட்டில் வாழ்ந்தன. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 65க்கும் சற்றுக் கீழே இறங்கியது. 1950களுக்குப் பின் அவ்வளவு தாழ்ந்ததில்லை. ஆக்லாந்து நகரில் ஒரு வீட்டின் சராசரி மதிப்பு 2016இல் பத்து இலட்சம் டாலரைத் தாண்டிற்று. ஆசிரியர் வேலை பார்ப்பவரும் பேருந்து ஓட்டுபவரும் தாம் பணிபுரியும் நகரத்தில் வீடு வாங்குவது கனவிலும் கூடாதென்று ஆயிற்று. மக்கள் காரணம் கேட்டனர். காரணம் கேட்கும் மக்களுக்கு விடை சொல்லவேண்டியது அரசியல் கட்சியின் கடமை. எதிர்க்கட்சியாய் இருந்த தொழிற்கட்சி விடை தேடிற்று. எங்கே தேடிற்று தெரியுமா?

பெயர்ப் பட்டியலில்!

2015 ஜூலையில் நடந்தது அது. ஆக்லாந்து நகரத்து வீட்டுத் தரகு நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்த விற்பனைக் குறிப்புகள் அக்கட்சியின் கைக்கு வந்தன. மூன்று மாதக் கணக்கு. ஏறத்தாழ நாலாயிரம் விற்பனைகள். வாங்கியவன் எந்நாட்டான், எங்கே குடியிருக்கிறான், பணம் எந்த வங்கி வழியே வந்தது என்ற விவரம் ஒன்றும் அதில் இல்லை. பெயர் இருந்தது. பெயரைப் பார்த்தார்கள். இது சீனப் பெயர், இது சீனப் பெயரன்று என்று பிரித்தார்கள். வீடு வாங்கியவர்களுள் நூற்றுக்கு 39.5 பேருக்குச் சீனப் பெயர். நகரத்தில் வாழும் சீன இனத்தவரோ 2013 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 9 பேரே. மிச்சமெல்லாம் கடல் கடந்து வந்த பணமாகத்தான் இருக்கவேண்டும் என்று, கட்சியின் வீட்டுவசதித் துறைப் பேச்சாளர் பில் டுவைஃபோர்ட் நாட்டுக்கு அறிவித்தார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒருவன் பெயர் அவன் பாட்டன் யார் என்பதைச் சொல்லும். அவன் இரவில் எங்கே உறங்குகிறான் என்பதைச் சொல்லுமா? அவன் நாலு தலைமுறையாக அந்த மண்ணில் காய்கறி பயிரிட்டவனாக இருக்கலாம். நேற்று வந்து, வாடகை வீட்டில் ஒண்டிக் குடித்தனம் நடத்தி, தம்பதியர் இருவரும் உழைத்துச் சேர்த்த பணத்தில் முதல் வீட்டை வாங்கியவனாக இருக்கலாம். ஷாங்காயில் அமர்ந்தபடி பத்தாவது வீட்டை வாங்கிய செல்வனாகவும் இருக்கலாம். மூவருக்கும் பெயர் ஒன்றே. மூவரையும் ஒரே பட்டியலில் ஏற்றிவிட்டு, 'இதோ பாருங்கள், அயலான்!' என்று கைநீட்டினால், நீட்டிய கை அந்தச் செல்வனையா சுடும்? அவனுக்கு அந்தச் செய்தித்தாளே வராதே! சுட்டது, பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் வங்கி வாசலிலும் நின்ற முதலிருவரை.

அந்நாட்டின் இன உறவு ஆணையர் கண்டித்தார். கட்சியிலே நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர், இனி இங்கே எனக்கு இடமில்லை என்று விலகினார். கட்சித் தலைமை அசையவில்லை. 'நாங்கள் எண்ணைத்தான் சொன்னோம்; இனத்தைச் சொல்லவில்லை' என்ற பாணியில் விளக்கம் தந்தது. எண்ணுக்கு இனமில்லை என்பது உண்மை. எண்ணை எடுத்த இடத்துக்கு இனம் உண்டே!

இன்னொன்றையும் நினைவூட்டவேண்டும். 1866இல் ஒடாகோப் பகுதியின் தங்க வயல்களுக்குச் சீனரை அழைத்தவர்கள் அங்கிருந்த வணிகர்களே. அழைத்து வேலை வாங்கியபின், 1881இல் வந்திறங்கும் ஒவ்வொரு சீனன் தலைக்கும் பத்துப் பவுன் வரி விதித்தது அரசு. 1896இல் அது நூறு பவுனாயிற்று. வேறெந்த இனத்தாருக்கும் இல்லாத வரி! 1908 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சீனருக்குக் குடியுரிமையும் மறுத்தனர். அந்தத் தலைவரி சட்டத்திலிருந்து நீங்கியது 1944இல். அதற்காக நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டவர் யார்? 2002 பிப்ரவரியில், தொழிற்கட்சிப் பிரதமர் ஹெலன் கிளார்க். கேட்ட மன்னிப்பின் ஈரம் உலர்வதற்குள், பதின்மூன்றே ஆண்டுகளில், அதே கட்சி அதே மக்களின் பெயரை எண்ணிக்கொண்டிருந்தது.

கட்சி சொன்ன கணக்கேனும் சரியாக இருந்ததா? 2015 அக்டோபர் முதல், வீடு வாங்குவோர் விற்போர் வரி எண்ணும் வரிக் குடியிருப்பு விவரமும் தரவேண்டும் என்று அப்போதைய தேசியக் கட்சி அரசு விதி செய்தது. பின்னர் வந்த அரசுப் புள்ளிவிவரங்கள், நாடு முழுவதும் கைமாறிய வீடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றே அயலார் கைக்குப் போயின என்று காட்டின. அறக்கட்டளைகளின் பெயராலும் கம்பெனிகளின் பெயராலும் வாங்கியவை அதில் சரியாகத் தெரியவில்லை என்று குறை கூறுவர். அது நியாயமான குறை. 2016இன் இறுதியில் சீன அரசே தன் நாட்டுப் பணம் வெளியேறுவதை இறுக்கிப் பிடித்தது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். எல்லாம் கொண்டாலும் மூன்று எங்கே, முப்பத்தொன்பது எங்கே? ஆனால் நடு ஆக்லாந்தில் மட்டும் பார்த்தால் 2018இல் ஐந்தில் ஒரு வீடு அயலார் கைக்குப் போனது. ஆக, நோய் இல்லாமல் இல்லை. நோய் இருந்த இடம் வேறு, மருத்துவர் கைவைத்த இடம் வேறு.

இனி மறுபுறம் திரும்புவோம். பெயர் பார்த்து ஐயுறாத ஒரு வீட்டுக்காரர் கதை இது. அமெரிக்கப் பெருஞ்செல்வர் பீட்டர் தீல், 2015இல் அந்நாட்டின் தெற்குத் தீவில், வானாக்கா ஏரிக்கரையில் 193 ஹெக்டேர் நிலம் வாங்கினார். கண் கொள்ளாக் காட்சியுள்ள இடம். அயலார் அத்தகைய நிலத்தை வாங்கச் சிறப்பு அனுமதி வேண்டும். ஆனால் அவருக்கு அனுமதி தேவைப்படவில்லை. ஏன்? 2017 ஜனவரியில்தான் நாட்டுக்கே தெரிய வந்தது: 2011லேயே அவர் நியூசிலாந்துக் குடிமகன் ஆகிவிட்டார்! குடியுரிமை கோருபவர் ஐந்தாண்டுகளில் 1,350 நாள் அந்நாட்டில் வாழ்ந்திருக்கவேண்டும் என்பது பொதுவிதி. அவர் அங்கே இருந்தது எத்தனை நாள்? பன்னிரண்டு! முதலீடு செய்தார், நிலநடுக்க நிவாரணத்துக்குப் பத்து இலட்சம் டாலர் தந்தார், ஆகவே தனிச் சலுகை என்றது அன்றைய தேசியக் கட்சி அரசு. காய்கறித் தோட்டக்காரனின் பேரனைப் 'பெயர் சொல்லு' என்று கேட்ட நாட்டில், பன்னிரண்டு நாள் விருந்தாளியை எவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஏரிக்கரையில் பெரிய மாளிகை விடுதி கட்ட அவர் தரப்பு விண்ணப்பித்தபோது, 2022இல் உள்ளூர் நகர்மன்றம் மறுத்தது என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

2017 அக்டோபரில் ஜெசிந்தா ஆர்டன் தலைமையில் கூட்டணி அரசு அமைந்தது. 2018 ஆகஸ்டு 15ஆம் நாள், அயல்நாட்டு முதலீட்டுத் திருத்தச் சட்டம் 63க்கு 57 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. அக்டோபர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்து மக்கள் சொந்த மண்ணில் குடிக்கூலிக்காரராய் ஆகிவிடக் கூடாது என்பது அமைச்சர் டேவிட் பார்க்கர் எடுத்து வைத்த வாதம்.

சட்டத்தைப் படித்துப் பார்த்தால் ஒரு வியப்பு. பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஊர்வலம் போன கட்சி, சட்டம் எழுதும்போது பெயரைக் கேட்கவில்லை, இனத்தைக் கேட்கவில்லை. வாழ்கிறாயா என்று கேட்டது! குடிமகனுக்குத் தடையில்லை. குடியேற்ற உரிமை பெற்றவர், ஓராண்டாக அந்நாட்டில் வாழ்ந்து, அந்த ஓராண்டில் 183 நாளேனும் நாட்டிலிருந்து, அங்கே வரி கட்டுபவராய் இருந்தால், அனுமதி கேளாமல் வீடு வாங்கலாம். வாழாமல் வாங்க நினைப்பவருக்கும் கதவு முழுவதும் அடைபடவில்லை. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் புதிதாய்க் கட்டப்படுபவற்றை, வரம்புக்கு உட்பட்டு வாங்கலாம். அதனால் கட்டும் வேலை நடக்கும், வீட்டின் எண்ணிக்கை கூடும் என்பது நோக்கம். வாங்குபவர் தம் தகுதியை வழக்கறிஞரிடம் எழுத்தில் உறுதி கூறவேண்டும். பொய் கூறினால் தண்டம் உண்டு, வீட்டை விற்கும்படி ஆணையும் உண்டு.

இது நல்ல சட்டம். நாம் தயக்கமின்றிச் சொல்கிறோம். பன்னாட்டு நிதியம், இது பாகுபாடு காட்டும் சட்டம், இதனால் வீட்டு விலையும் குறையாது என்று 2018இல் குறை கூறியது. விலை குறையுமா என்பது பிறகு. பாகுபாடு என்பதை மட்டும் இங்கே கேட்போம். நம் இந்திய நாட்டிலேயே, இங்கே குடியிராத பிற நாட்டுக் குடிமகன் ஒருவன், இந்தியத் தொடர்பேதும் இல்லாதவன், நினைத்த மாத்திரத்தில் ஒரு வீடு வாங்கிவிட முடியுமா? 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன் விதிகளும் இடந்தரா. வெளிநாட்டில் வாழும் நம் நாட்டுக் குடிமகனே வீடு வாங்கலாம், ஆனால் உழுநிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்கலாகாது. இதைப் பாகுபாடு என்று எந்த மேதையும் மேடையேறிக் கூறவில்லை. ஓர் ஊரின் வீடு அவ்வூரில் வாழ்வோருக்கு முதலில் என்று சொல்வது பாகுபாடு என்றால், ரேஷன் கடையில் அவ்வூர்க் குடும்ப அட்டையைக் கேட்பதும் பாகுபாடே!

சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. ஆஸ்திரேலியரையும் சிங்கப்பூர்க் குடிமக்களையும் அது தடுக்கவில்லை. பழைய வாணிக ஒப்பந்தங்கள் கையைக் கட்டிவிட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூர்க்காரர் ஆக்லாந்தில் தடையின்றி வீடு வாங்கலாம். ஆனால் நியூசிலாந்துக்காரர் சிங்கப்பூரில் வீடு வாங்கப் போனால், 2023 ஏப்ரலில் அந்நாடு விதித்தபடி, விலையின்மேல் நூற்றுக்கு அறுபது கூடுதல் முத்திரை வரி கட்டவேண்டும். அமெரிக்கருக்கு அங்கே அந்த வரி இல்லை. அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டனர். சின்ன நாடுகள் வாணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது தம் மக்களின் கூரையையும் சேர்த்தே கையெழுத்திடுகின்றன என்பதை யார் கவனிக்கின்றனர்?

சரி, சட்டம் வந்தது. விலை இறங்கியதா?

இறங்கவில்லை, ஏறியது! 2020 நடுவிலிருந்து 2021 இறுதிக்குள், ஒன்றரை ஆண்டுக் காலத்தில், அந்நாட்டு வீட்டு விலை ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு கூடிற்று. நோய்த்தொற்றுக் காலம், நாட்டின் எல்லையே அடைத்துக் கிடந்தது. அயலான் வாங்கத் தடை. வந்து பார்க்கவும் வழியில்லை. பிறகு யார் விலையை ஏற்றினர்? மைய வங்கி 2020 மார்ச்சில் வட்டியைக் கால் விழுக்காட்டுக்கு இறக்கியது. வீட்டுக் கடனுக்கு இருந்த முன்பணக் கட்டுப்பாட்டை மே மாதத்தில் தளர்த்தியது. மலிந்த கடனை வாங்கியவர்கள் உள்நாட்டார். ஒரு வீட்டை ஈடு காட்டி இரண்டாவதையும், இரண்டாவதைக் காட்டி மூன்றாவதையும் வாங்கிக் குடிக்கூலிக்கு விட்டவர்கள் உள்நாட்டார். வாங்கி வைத்து விலை ஏறியதும் விற்றால் வந்த இலாபத்துக்குப் பொதுவான வரி அங்கே இல்லை. குறுகிய காலத்துக்குள் விற்றால் மட்டும் வரி என்று ஒரு விதி. அந்தக் காலத்தை ஓர் அரசு பத்தாண்டு வரை நீட்டியது, அடுத்த அரசு 2024 ஜூலையில் இரண்டாண்டுக்குச் சுருக்கியது. பின்னர் வட்டி ஏறியபோது வீட்டு விலை சரிந்தது. எந்தக் கயிற்றில் ஆடியது இந்தப் பொம்மை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

2019 பிப்ரவரியில், அரசே அமைத்த வரிச் சீர்திருத்தக் குழு, சொத்து விற்ற இலாபத்துக்கு வரி விதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஏப்ரலில் ஆர்டன் அம்மையார், என் தலைமையில் அந்த வரி வராது என்று அறிவித்துவிட்டார். கூட்டணிக் கட்சி இசையவில்லை என்பது சொன்ன காரணம். சொல்லாத காரணத்தை நாம் சொல்வோம். ஷாங்காய்ச் செல்வனுக்கு வாக்குரிமை இல்லை. மூன்று வீடு வைத்திருக்கும் ஆக்லாந்துக்காரனுக்கு வாக்கு உண்டு, நாக்கும் உண்டு, கட்சிக்கு நன்கொடை தரும் கையும் உண்டு! வாக்கில்லாதவனுக்கு எதிராகச் சட்டம் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். வாக்குள்ளவன் இலாபத்தைத் தொட முதுகெலும்பு வேண்டும். பத்தாண்டில் ஒரு இலட்சம் வீடு கட்டுவோம் என்று அதே அரசு உறுதி கூறியிருந்தது. முதல் ஆண்டுக்குக் குறித்த இலக்கு ஆயிரம். கட்டி முடித்தவை சில நூறே. 2019 செப்டம்பரில் அந்த ஒரு இலட்சம் என்ற இலக்கையே கைவிட்டது. மேசையைச் சுமந்து சென்ற சாவேஜின் கட்சி!

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அயலார் தடையால் பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நடு ஆக்லாந்திலும் குவீன்ஸ்டவுன் போன்ற ஏரிக்கரை ஊர்களிலும் அயல்பணத்தின் போட்டி ஓய்ந்தது. அது மெய்யான பயன். 2016இல் ஆக்லாந்து நகராட்சி, நகரின் குடியிருப்பு நிலத்தில் பெரும்பகுதியில் முன்னிலும் நெருக்கமாக வீடு கட்டலாம் என்று திட்டத்தை மாற்றியது. அதன்பின் அங்கே புதுவீடுகள் பெருகின. ஊர்வலம் இல்லை, முழக்கம் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. நிலவரைபடத்தில் வண்ணம் மாறிற்று, அவ்வளவே. தொழிற்கட்சியும் 2025 அக்டோபரில், வீட்டு முதலீட்டு இலாபத்துக்கு நூற்றுக்கு 28 வரி, குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு என்று தன் கொள்கையாக அறிவித்தது. 2019இல் ஆட்சியிலிருந்தபோது தொடமாட்டேன் என்றதை, எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தபின் தொட்டது.

இத்தனையும் ஏன் சொல்லுகிறோம் என்று நம் தோழர்கள் கேட்கலாம். நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் இந்தப் பேச்சுக் கேட்கிறது. 'வெளியூரான் வந்து மனையெல்லாம் வளைத்துவிட்டான்' என்பார் ஒருவர். எந்த வெளியூரான் என்று கேட்டால், பெயரைச் சொல்வார், மொழியைச் சொல்வார், கட்டிட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் படுத்துறங்கும் வடநாட்டுத் தொழிலாளியைக் காட்டுவார். அவனா வளைத்தான் நம் மனையை? மறுபுறம், சென்னையின் நட்சத்திர விடுதிகளில் துபாய் அடுக்குமாடிகளுக்குக் கண்காட்சி நடக்கிறது. ஓர் ஆண்டில் ஆளுக்கு இரண்டரை இலட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று நம் நாட்டு விதியே இடந்தருகிறது. நம்மவரும் எங்கோ ஓர் ஊருக்கு 'அயல்பணம்' ஆகிக்கொண்டிருக்கின்றனர். கடல் கடந்து போன இடமெல்லாம் பெயரைக் கொண்டு எண்ணப்பட்ட இனம் தமிழினம். அந்த எண்ணிக்கை எப்படித் தொடங்கும், எங்கே போய் முடியும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகையால், அடுத்த முறை ஒரு மேடையில் இந்தப் பேச்சு எழுமானால், நம் தோழர் எழுந்து மூன்று கேள்வி கேட்கட்டும்: வாங்கியவர் அங்கே குடியிருக்கிறாரா? அவருக்கு இது எத்தனையாவது வீடு? பணம் யார் பெயரில், எந்தக் கம்பெனி வழியே வந்தது? இம்மூன்றுக்கும் விடை பத்திரப்பதிவு அலுவலகத்திலும் வங்கியிலும் இருக்கிறது. பெயர்ப் பட்டியலில் இல்லை.

நியூசிலாந்தின் கதை 2018இல் முடிந்துவிடவில்லை. 2023 தேர்தலில் தேசியக் கட்சி, இருபது இலட்சம் டாலருக்கு மேற்பட்ட வீடுகளை அயலார் வாங்கலாம், நூற்றுக்கு 15 வரி கட்டினால் போதும் என்று வாக்குறுதி தந்தது. வென்றது; ஆனால் கூட்டாளியான நியூசிலாந்து முதன்மைக் கட்சி ஒப்பவில்லை; கைவிட்டது. இரண்டாண்டு கழித்து, 2025 செப்டம்பரில், பிரதமர் கிறிஸ்டோஃபர் லக்சன் வேறொரு வாயிலைத் திறப்பதாக அறிவித்தார். ஐம்பது இலட்சம் டாலரோ அதற்கு மேலோ முதலீடு செய்து முதலீட்டாளர் விசா பெற்றவர், ஐம்பது இலட்சம் டாலருக்குக் குறையாத வீடு ஒன்றை வாங்கலாம் அல்லது கட்டிக்கொள்ளலாம் என்று.

அந்த விசாவின் முதல் வகைக்கு அவர் அந்நாட்டில் எத்தனை நாள் இருக்கவேண்டும் தெரியுமா? மூன்றாண்டில் 21 நாள். ஆக்லாந்து மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நம் செவிலிப்பெண், குடியேற்ற உரிமை கிடைத்தபின் ஓராண்டு வாழ்ந்து 183 நாள் கணக்குக் காட்டினால்தான், அனுமதி கேளாமல் இரண்டு அறை வீடொன்றுக்கு முன்பணம் கட்டலாம். ஏரிக்கரை மாளிகைக்கு 21 நாள் போதும். பீட்டர் தீலின் பன்னிரண்டோடு ஒப்பிட்டால், ஒன்பது நாள் கூடுதல்.